பெரிய பிளாக், சின்ன நோட்டீஸ்

அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எழுத்து சொன்ன பேச்சைக் கேட்கும், படம் கேட்காது என்பார்கள்.

இப்போது கம்ப்யூட்டரில் கடிதமோ விழா மலரோ தயாரிக்கிறவர்கள் புலம்புவதைக் கேட்கிறேன். ஒரு படத்தை உள்ளே வைத்தால் மேலே இருந்த பத்தி கீழே இறங்கிவிடுகிறது, கீழே இருந்த தலைப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது, படம் பெரிதாக இருந்தால் மெஷினே நின்றுவிடுகிறது என்கிறார்கள். உங்கள் வேதனை எனக்குப் புரியும். கம்பம் மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் பதினாறு வருஷம் நான் பட்ட பாடும் இதேதான். உங்களுக்காவது மூலையைப் பிடித்து இழுத்தால் படம் சின்னதாகிறது. எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கம்போசிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குவது என் வேலை. படம் வேண்டுமென்றால் போட்டோவை மதுரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு பட்டறையில் அதைத் தகட்டில் பொறித்து, மரக்கட்டையில் வைத்து ஆணி அடித்து அனுப்புவார்கள். அதுதான் பிளாக். என்ன அளவில் வந்ததோ அதுதான் அளவு. எழுத்துகள்தான் அதைச் சுற்றி ஒதுங்கி உட்கார வேண்டும். எங்கள் முதலாளி போடி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. மெஷினைக் காலால் மிதித்து ஓட்டியவர் சுருளி அண்ணன். என் பெயர் பவுன்தாய். பிளாக்குகளுக்கு நான் பொறுப்பு. அதாவது, தப்பு நடந்தால் எனக்குத் திட்டு.

ஆறு என்று மட்டும் எழுதினேன்

நான் முதன்முதலாக மதுரைக்கு அனுப்பிய போட்டோ, உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை திறக்கப்போகிற ஒருவருடைய அப்பாவின் படம். காலமாகிவிட்டவர். திறப்பு விழா நோட்டீசில் மேலே அவர் படம், கீழே விவரம் என்று பேச்சு. போட்டோவின் பின்பக்கம் அளவு எழுதி அனுப்பச் சொன்னார் அண்ணாச்சி. நான் பென்சிலால் '6' என்று எழுதினேன். உயரமா அகலமா, அங்குலமா சென்டிமீட்டரா, ஒன்றும் எழுதவில்லை. என் மனசில் இருந்தது ஆறு சென்டிமீட்டர் உயரம். பட்டறைக்காரர் ஆறு அங்குல அகலம் என்று எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பார்சலைப் பிரித்தால் செங்கல் கனத்தில் ஒரு பிளாக். நோட்டீஸ் காகிதத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். காகிதத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் தோள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுருளி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "வேணும்னா நோட்டீச இவர் நெஞ்சு மேல அடிச்சுரலாம்" என்றார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விழாவுக்கு மூன்றே நாள். புது பிளாக் வர நேரமில்லை. சேர்ந்த மாதத்திலேயே வேலை போய்விடும், வீட்டில் என்ன சொல்வது என்று அதற்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அண்ணாச்சி திட்டவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே காகிதத்தை இரண்டு மடங்கு பெரிதாக வெட்டச் சொன்னார். ஒரு பக்கம் முழுக்க அப்பா, மறுபக்கம் முழுக்க விவரம். சரிபார்க்க ஒரே ஒரு தாள் அடித்ததும், "தப்பு பண்ணுனது நீ, புரூஃபையும் நீயே கொண்டு போய்க் காட்டு" என்றார். பஸ் ஏறிப் போனேன். கடைக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, காகிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் காகிதத்தை மடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார், "எங்கய்யா உசுரோட இருக்கையிலயும் இப்படித்தான் தாயி. அவுக வந்து உக்காந்தா வேற ஆளுக்கு எடம் இருக்காது."

மடியில் உட்கார்ந்த பிள்ளை

அதற்குப் பிறகு அகலம், உயரம், அங்குலம் எல்லாம் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுத்தான் அனுப்புவேன். ஆனால் வருகிறவர்களே மதுரைக்குப் போய் பிளாக் செய்து கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது? பண்ணைப்புரத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி காதணி விழாப் பத்திரிகைக்கு அப்படித்தான் வந்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்த படம். நாற்காலியில் தாய்மாமன், அவர் மடியில் பிள்ளை. பிளாக் எங்கள் கார்டைவிடப் பெரிது. "பிள்ள மட்டும் வந்தாப் போதும், மத்தத அறுத்துருங்க" என்றார் அப்பாக்காரர்.

பிளாக்கை அறுப்பது எங்களுக்குப் பழக்கம்தான். சுருளி அண்ணன் இரும்பு ரம்பத்தை எடுத்து மேலே ஒரு வெட்டு, பக்கவாட்டில் இரண்டு வெட்டுப் போட்டார். மாமனின் தலையும் தோளும் போயின. மையைத் தடவிப் புரூஃப் எடுத்த பிறகுதான் தெரிந்தது, பிள்ளையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த மாமனின் இரண்டு கைகளும் அப்படியே இருந்தன. ஆளைக் காணோம், கை மட்டும் இருக்கிறது. அறுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அந்த அம்மா புரூஃபைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்கண்ணன் பாத்தா என்ன சொல்லும்? தலைய எடுத்துட்டீகளே, இனி அது சபையில வந்து உக்காருமா?" என்று புருஷனைப் பார்த்தார். அதில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது. தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் காதுகுத்து எந்த லட்சணத்தில் நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சானுக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல் இருந்திருக்கும் போல.

மறுநாள் அந்த மாமனே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆறடி ஆள். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தார். கையை நீட்டினார், நான் புரூஃபைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தங்கச்சி பக்கம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஏத்தா, என் கைதான், மோதிரம் தெரியுது பாரு. சீர் செய்யப் போறது கைதானே, மூஞ்சி எதுக்கு?"

குமுளி வரை போன அம்மன்

பிளாக் பார்சல்கள், மலைமேல் கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்குப் போகும் பஸ்ஸில் வரும். மதுரைப் பட்டறைக்காரர் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார், கம்பம் பஸ் ஸ்டாண்டில் நான் நின்று வாங்கிக்கொள்வேன். ஒரு சித்திரையில், கூடலூருக்குப் பக்கத்துக் கிராமத்தார் அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். புது அலங்காரத்தில் அம்மனைப் போட்டோ எடுத்து, பிளாக்குக்கு அனுப்பியிருந்தோம். அன்றைக்கென்று பஸ் சீக்கிரமே வந்து போய்விட்டது. கண்டக்டரும் புதியவர், பார்சலைக் கம்பத்தில் இறக்க வேண்டும் என்பது அவர் நினைவில் நிற்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பினால், அச்சுக்கூடத்தில் ஊர்க்காரர்கள் மூன்று பேர் புரூஃப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். "ஆத்தா ஊரத் தாண்டிப் போயிட்டாளா? சகுனமே சரியில்லையே. திருவிழாச் சாட்டுறத அடுத்த வாரத்துக்குத் தள்ளுவமா?" என்றார். ஊருக்கு ஊர் சொல்லியனுப்பி, பந்தல்காரருக்கு வாக்குக் கொடுத்து, எல்லாம் முடிந்திருந்த நேரம் அது. அண்ணாச்சி வேறு சாமி கும்பிடுகிறவர். ஆனாலும் அவர்தான், "ஒக்காருங்க, சாயங்கால வண்டியில திரும்பி வந்துருவாக" என்று சமாதானம் சொன்னார். 'வந்துருவாக' என்று மரியாதையாக அவர் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் மறுபடி உட்கார்ந்தார்.

சாயங்காலம் மூன்று பேரும் என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்கள். பஸ் வந்து நின்றது. டிரைவருக்கு முன்னால், வழக்கமாக மாலை தொங்கும் இடத்தில், எங்கள் பிளாக். பார்சல் கிழிந்து உள்ளே அம்மன் முகம் தெரிந்ததும், கீழே போட மனசில்லாமல் அங்கே தூக்கி வைத்திருக்கிறார்கள். குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் போட்டிருந்தது. (அந்தக் குங்குமம் தகட்டின் புள்ளிகளுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.) மூன்று பேரும் ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். கண்டக்டர் பிளாக்கை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார், "கம்பத்துல எறங்க மனசில்ல போல. மல வரைக்கும் போயிப் பாத்துட்டு, எறக்கத்துல எங்களையும் பத்திரமாக் கூட்டிட்டு வந்துட்டா."

ஒரு எழுத்துக்கூடக் கோர்க்காத வேலை

காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கேரளத்துக்குப் பழம் அனுப்பிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு ஒட்ட மலையாளத்தில் லேபிள் வேண்டும் என்று வந்தார். எங்களிடம் மலையாள எழுத்து கிடையாது. அவரே குமுளியில் ஒருவரைப் பிடித்து, திராட்சைக் குலையை வரைந்து, அதன் கீழே மலையாளத்தில் மையால் எழுதி வாங்கி வந்தார். குலையும் எழுத்துமாக மொத்தத்தையும் ஒரே பிளாக்காகச் செய்தாயிற்று. எனக்கு ஒரே குஷி. ஒரு எழுத்துக்கூடக் கோர்க்க வேண்டாம், மெஷினில் மாட்டினால் போதும்.

பாதி லேபிள் அடித்து முடித்திருந்தோம். பில் புத்தகம் வாங்க வந்திருந்த ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் மலையாளி ரைட்டர் ஒருவர், காயப்போட்டிருந்த லேபிளை எடுத்து, "ஒண்ணாந்தரம் முந்திரி" என்று சத்தமாகப் படித்துவிட்டு, பஸ் வருகிறதென்று கிளம்பிப் போய்விட்டார். அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "முந்திரியா? படத்துல திராட்சை இருக்கு, எழுத்துல முந்திரிக்கொட்டைன்னு இருக்கா?" சுருளி அண்ணன் மெஷினிலிருந்து காலை எடுத்தார். நான் கோர்த்த எழுத்தாக இருந்தால் தப்பானதைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம். இது தகட்டில் பொறித்தது. எழுத்தே படமாகிவிட்டால் ஒரு கொம்பைக்கூடத் திருத்த முடியாது.

மொட்டை வெயிலில் அண்ணாச்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கே போனார். தோட்டக்காரர் கொடிப் பந்தலுக்குக் கீழே பழம் வெட்டிக்கொண்டிருந்தாராம். இவர் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும், அவர் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். திரும்பி வந்த அண்ணாச்சியின் சைக்கிள் கூடையில் ஒரு குலை பன்னீர் திராட்சை இருந்தது. தோட்டக்காரர் சொன்னதை எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினார், "அங்கன முந்திரின்னா இதுதான் அண்ணாச்சி. நம்ம முந்திரிக்கொட்டைக்கு அவுக வேற பேரு வச்சிருக்காக. பழத்தத் தின்னுட்டுப் போயி மெஷின ஓட்டச் சொல்லுங்க."

வகிடு

அடித்து முடித்த பிளாக்குகளை ஓர் அலமாரியில் பெயர் எழுதி அடுக்கி வைத்திருப்பேன். அதில் தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது. கம்பத்திலேயே தையல்கடை வைத்திருந்த ஒருவருடைய மகன். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். வருஷா வருஷம் அவன் இறந்த நாளுக்கு நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்க அவரே வருவார். நான் பிளாக்கை எடுத்துக் கொடுத்தால், தன் கைக்குட்டையால் துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். நோட்டீசில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டால், "போன வருஷம் போட்டதையே போடு தாயி" என்பார்.

நாலைந்து வருஷம் போயிற்று. ஒரு தடவை பிளாக்கைத் திருப்பித் தராமல், "இத நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டா?" என்றார். அவருடைய பிளாக்தான், தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. "இதுல எல்லாமே இடம் வலம் மாறி இருக்கும்ய்யா. கருப்பாத் தகடு, பாக்கவும் நல்லா இருக்காது. வழுவழுப்புக் காகிதத்துல நல்லா ஒண்ணு அடிச்சுத் தாரேன், கண்ணாடி போட்டு மாட்டி வச்சுக்கிருங்க" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். சுருளி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து என்னிடம் காட்டினார். "மாறி இருக்கிறதுதான் தாயி எனக்கு வேணும். கடையில கண்ணாடி முன்ன நின்னுதான் தல சீவுவான். நான் மெஷின்ல குனிஞ்சு தச்சுக்கிட்டு, நிமிந்தா கண்ணாடியிலதான் அவன் மொகத்தப் பாப்பேன். அதுல வகிடு இந்தப் பக்கந்தான் இருக்கும்."

பன்னிரண்டு வாக்குறுதி

ஒரு விவசாயிகள் சங்கத் தேர்தலில் நின்ற ஒருவர் பன்னிரண்டு வாக்குறுதிகள் எழுதிய தாளும், அரைப் பக்கத்துக்கு ஒரு பிளாக்குமாக வந்தார். மாலை போட்டு, கை கூப்பி நிற்கிற படம். கோர்த்துப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஐந்து வாக்குறுதிக்குத்தான் இடம். "ஏழு போகணும்ய்யா, இல்ல படத்தச் சின்னதாச் செஞ்சு வாங்கணும்" என்றேன். அவர் என் பென்சிலை வாங்கி வாய்க்கால் தூர்வாருவதை அடித்தார். களம் போடுவதை அடித்தார். இப்படியே ஏழையும் அடித்தார். அடுத்து, மாலையின் நுனி நன்றாகத் தெரியவில்லை, கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்றார். மிச்சமிருந்த ஐந்தும் போயின. 'உங்கள் ஓட்டு' என்ற ஒரு வரியோடு நோட்டீஸ் போயிற்று.

ஆள் ஜெயித்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து, அந்த நோட்டீசில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். வாய்க்கால் என்ன ஆச்சு என்று விவசாயிகள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்களாம். கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார், "நல்ல வேளை தாயி, அன்னைக்கு நீ எடமில்லைன்னு சொன்ன."

காணவில்லை

செல்லத்தாய் கூடலூர்க்காரர். அவர் புருஷன் முத்தையா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மலைப் பாதையில் ஜீப் கவிழ்ந்துவிட்டது. வேலைக்குப் போன பெண் ஒருவர் தூக்கியெறியப்பட்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். செத்துவிட்டார் என்று நினைத்து முத்தையா காட்டுக்குள் ஓடியவர்தான். இரண்டாம் நாள் அந்தப் பெண் கண் விழித்துவிட்டார். கால் எலும்பு முறிந்ததோடு சரி. ஆனால் ஓடிப்போனவருக்கு அது தெரியாது. ஒரு மாதம் ஆகியும் ஆள் வரவில்லை. செல்லத்தாய் ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஆயுத பூஜைக்கு ஜீப்பைச் சுற்றி நின்று பதினைந்து பேர் எடுத்த படம். கடைசியில் நிற்கிறவர் முத்தையா. முகம் புளியங்கொட்டை அளவு. வேறு படம் கிடையாது.

"காணவில்லை நோட்டீசுன்னா மூஞ்சி பெருசா இருக்கணும் பவுனு" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது சரிதான், எல்லா அச்சுக்கூடத்திலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த ஒரு முகத்தை மட்டும் நாலு அங்குலத்துக்குப் பெரிதாக்கி பிளாக் செய்து வாங்கினோம். புரூஃப் போட்டால் வெறும் புள்ளிகள். மூக்கு எது, மீசை எது என்றே தெரியவில்லை. செல்லத்தாய் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுக்காரரு இல்ல, வேற ஆரோ" என்று தாளைத் தள்ளி வைத்தார். அது முக்கால் பக்கத்தை அடைத்துக்கொண்டதில், அவர் சொல்லச் சொன்ன சேதியை அடியில் பொடி எழுத்தில் நெருக்கி வைத்திருந்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது. "ஏக்கா, இந்த நோட்டீச ஆரு பாக்கணும்? ஊர்க்காரகளா, அவரா?" என்று கேட்டேன். "அவருதான்" என்றார். "அப்ப அவருக்கு அவரு மூஞ்சி எதுக்கு?" என்றேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதில் நான் தப்புச் செய்தால், திருத்துவதற்குள் அந்த மனிதர் இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருப்பாரோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் பிடிவாதமாக நின்றேன். பதினைந்து பேரும் ஜீப்புமாக முழுப் படத்தையும் இரண்டு அங்குலத்தில் வேறு பிளாக் செய்து வாங்கினோம். ஜீப்பைப் பார்த்தால் அவருக்கே தெரியும். அதை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, சுவரொட்டிக்கு வைத்திருந்த பெரிய மர எழுத்துகளை எடுத்தேன். 'முத்தையா, அந்த அம்மா பிழைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வா' என்று கோர்த்துக் காட்டினேன். செல்லத்தாய்க்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டதும், "வான்னு போடாத. வாங்கன்னு போடு. அவரு பேரையும் நான் சொன்ன மாதிரி போடாத" என்றார். பெயரை எடுத்துவிட்டு, 'கூடலூர் ஜீப்காரரே' என்று மாற்றினேன். 'ங்க' சேர்ப்பதற்காக ஜீப் படத்தை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினேன். குமுளிக்கு அந்தப் பக்கம் போகிற ஜீப்காரர்கள் ஆளுக்கொரு கட்டு வாங்கிக்கொண்டு போய், டீக்கடை டீக்கடையாக ஒட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். தாடி, கசங்கிய சட்டை. கையில் சுவரிலிருந்து கிழித்த எங்கள் நோட்டீஸ். பின்பக்கம் பசை காய்ந்திருந்தது. நோட்டீசின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயர் இருப்பதைப் பார்த்து, வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டை ஒரு கண் பார்த்துக்கொண்டே, "இது நெசமா? இல்ல, போலீசுக்காரக போடச் சொன்னாகளா?" என்று கேட்டார். "உங்க வீட்டம்மாதான் வந்தாக, இங்கனதான் உக்காந்து சொன்னாக" என்றேன். அவர் நம்பவில்லை. மனைவியை மிரட்டிச் சொல்ல வைத்திருக்கலாமே என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. பிறகு, "சொல்லையில அவ அழுதாளா?" என்று கேட்டார். நடந்ததைத்தான் சொன்னேன். "இல்லண்ணே, அழுகல. 'வா'ன்னு நான் போட்டத 'வாங்க'ன்னு மாத்தச் சொல்லி அதட்டுனாக." அந்த மனிதர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை நோட்டீசால் மூடிக்கொண்டார். சுருளி அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து, கூடலூர் பஸ் நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கியவர், திரும்பிச் சொன்னார், "அப்ப நெசந்தான் தாயி. பொய்யின்னா அழுதிருப்பா."

இத்தனை பேருடைய படத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்த எனக்கு, நானே கோர்த்த என் கல்யாணப் பத்திரிகையில் படம் வைக்க இடமில்லை; சொந்தக்காரர் பட்டியல் நீண்டுபோனதில் மணமகள் பெயரையே பொடி எழுத்தில்தான் போட முடிந்தது.